கயெம்பாவின் ஜூன் மாதம்

என் கணவர் கயெம்பாவுக்கு மற்ற மாதமெல்லாம் நல்ல புத்திதான். ஜூன் வந்தால் போயே போச்சு. உட்கார்ந்தால் எழுந்திருப்பார், எழுந்தால் உட்காருவார். உகாலிக் களியை உருட்டி வாய்வரை கொண்டுபோய், "அந்த டீசல் ரசீதை எங்க வெச்சேன்?" என்று தட்டிலேயே போட்டுவிட்டு ஓடுவார். கிமிலிலி கடைத்தெரு முழுக்க இது தெரியும். "என்ன நஞ்சாலா, வீட்டுக்காரருக்கு ஜூன் வந்துடுச்சா?" என்று தக்காளி விற்கிறவள்கூட என்னைக் கேட்பாள்.

எல்லாம் ஜூன் முடிவதற்குள் போட வேண்டிய வரிக் கணக்கால் வந்த வினை. இவரும் மகோகாவும் சேர்ந்து மக்காச்சோளம் அரைக்கும் மில் நடத்துகிறார்கள். பையன்களை ஆளாக்கும் சடங்கில் ஒரே ஆகஸ்டில் ஒன்றாகச் சுன்னத் செய்துகொண்டவர்கள். எங்கள் ஜனத்தில் அந்த உறவை அறுக்கவே முடியாது. மில்லில் ஆளுக்குப் பாதி. வேலை மட்டும் அப்படிப் பிரியவில்லை. மகோகா வருகிறவர்களிடம் சிரித்துப் பேசி மூட்டைகளை உள்ளே வரவழைப்பார். இவர் இமையெல்லாம் மாவோடு மூலையில் உட்கார்ந்து ரசீது அடுக்குவார். கணக்குக்கு ஒரு ஆள் வைக்கக்கூடாதா என்றால், "தூக்கம் வராதவன் நானே இருக்கும்போது காசு குடுத்து இன்னொருத்தன் எதுக்கு?" என்பார்.

கூட்டுத் தொழிலுக்குத் தனியாக ஒரு கணக்குப் போட வேண்டும். லாபம் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு என்று அதில் காட்ட வேண்டும். ஆனால் வரியை மில் கட்டாது. பங்குதாரர் ஒவ்வொருவரும் தன் சொந்தக் கணக்கில் தன் பாதியைக் காட்டிக் கட்ட வேண்டும். எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால்தான் வரிச் சான்றிதழ் வரும்.

அந்த வருடம் அந்தச் சான்றிதழுக்காக மனுஷன் உயிரை விட்டுக்கொண்டிருந்தார். பெண்கள் விடுதிப் பள்ளிக்கு வருடம் முழுக்க மாவு போடும் ஒப்பந்தம் ஒன்று வந்திருந்தது. அதை நம்பித்தான் கடன் வாங்கிப் பெரிய மோட்டாரே மாட்டியிருந்தார்கள். விண்ணப்பத்தை ஜூலை முதல் தேதி மதியத்துக்குள் பள்ளிப் பெட்டியில் போட வேண்டும். சான்றிதழ் இல்லாத விண்ணப்பத்தைப் படிக்கவே மாட்டார்கள். ஒப்பந்தம் போனால் மோட்டாரும் போகும், அதோடு மில்லும் போகும்.

ஜூன் கடைசி நாள். கம்ப்யூட்டரில் வரிக் கணக்குப் போட்டுத் தரும் சைபர் கடை வாசலில் ஊரே நின்றது. எங்கள் ஆட்கள் கடைசி நாள் வரை அசைய மாட்டார்கள். பாதிப் பேர் வருமானம் இல்லை என்று பூஜ்யம் போட வந்தவர்கள்; ஐம்பது ஷில்லிங் நீட்டினால் கடைக்காரப் பெண் முகத்தைக்கூடப் பார்க்காமல் போட்டுக் கொடுத்துவிடுவாள். இவர் மில் கணக்கையும் தன் கணக்கையும் முடித்துவிட்டு, "மகோகாவோடதும் போடணும், அவன் போன் எடுக்க மாட்டேங்கறான்" என்றார்.

"அவருதா? போன வாரமே போட்டாச்சே" என்றாள் அவள். "பூஜ்யம்."

"எது பூஜ்யம்?"

"வருமானம்தான். பிரிண்ட் வேற கேட்டு வாங்கிட்டுப் போனாரு."

இவர் முகம் மில்லில் விழுந்து எழுந்த மாதிரி வெளுத்தது. மகோகா அன்று சிரிசியாவில் இருந்தார். மூத்த மகனுக்காகப் பெண் வீட்டுக்குப் பரிசமாக எத்தனை மாடு தருவது என்று பேச்சு. இவரும் போயிருக்க வேண்டியவர், கணக்கு முடியவில்லை என்று நின்றுவிட்டார். உடனே ஒரு மோட்டார் சைக்கிளைப் பிடித்தார். நானும் ஏறினேன்.

"நீ எதுக்கு?"

"நீங்க போயி அங்க ஒரு கல்யாணத்தைக் கெடுத்துடாம பாத்துக்கத்தான். நகந்து உக்காருங்க."

வழி முழுக்க ஓட்டுகிறவன் தோளைத் தட்டிக்கொண்டே வந்தார். இறங்கி ஓடினால் சீக்கிரம் போய்விடலாம் என்றுகூட ஒரு தடவை சொன்னார்.

பெண் வீட்டு முற்றத்தில் ஆண்கள் பாயைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பாயின்மேல் குச்சிகள், ஒரு குச்சி ஒரு மாடு. நான் வழக்கப்படி அடுப்படிக்குப் போனேன். கோழி அரிந்துகொண்டிருந்த ஒருத்தி, "மாப்பிள்ளையோட அப்பா பாவம்க்கா. மில்லு ஓடறதே இல்லையாம். அரசாங்கக் காகிதத்தையே காட்டிட்டாரு" என்றாள். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்தப் பூஜ்யம் வரிக்காகப் போட்டதே இல்லை, மாட்டுக்காகப் போட்டது! சிரிப்பை அடக்கப் புகைமேல் பழியைப் போட்டு இருமிக்கொண்டே வெளியே வந்தேன்.

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இருவரும் மோதிக்கொண்டிருந்தார்கள்.

"டே, உனக்கு மூளை இருக்கா?"

"மெதுவாடா. பதினஞ்சுல நின்னாங்க. இந்தக் காகிதத்தைக் காட்டித்தான் பத்துக்கு இறக்கியிருக்கேன்."

"கடவுச்சொல்லைச் சொல்லு. இன்னிக்கே திருத்தணும். நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் பெட்டி!"

"பேச்சு முடியட்டும், சொல்றேன்."

"உங்க பேச்சு எப்ப முடியும்?"

"பானையில புசாக் கள்ளு தீந்தா முடியும்."

"அது விடியற வரைக்கும் தீராதுடா!"

அப்போது பெண்ணின் தாய்மாமன் கொட்டகையைச் சுற்றி வந்து நின்றார். "யாரு இவரு?"

"என் கூட்டாளிங்க" என்றார் மகோகா.

"நல்லதாப் போச்சு. வாங்க, பாயில உக்காருங்க. நீங்களே சொல்லுங்க, மில்லு எப்படி?"

பாயில் போய் உட்கார்ந்ததும் எல்லோரும் இவரையே பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் சம்பந்தி வீட்டில் மகோகா மானம் போகும். சொல்லாவிட்டால் விடியும்வரை கடவுச்சொல் கிடைக்காது, அந்தப் பொய்க் காகிதத்துக்கு இவரும் சாட்சி. பேசாமல் தலையாட்டிவிட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

இவர் தொண்டையைச் செருமினார். "மில்லு நல்லா ஓடுதுங்க ஐயா. லாபம் வருது. அதுல பாதி இவனோடது. அந்தக் காகிதம் தப்பு, அதைத் திருத்தத்தான் வந்தேன்."

கூட வந்திருந்த மகோகாவின் தம்பிகள் பல்லைக் கடித்தார்கள். மகோகா பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். தாய்மாமன் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. குறைத்து ஒதுக்கி வைத்திருந்த குச்சிகளில் இரண்டை எடுத்து மறுபடி பத்தோடு சேர்த்து வைத்தார்.

"மில்லுக்கு ஒண்ணு. பொய்க்கு ஒண்ணு."

இவர் குனிந்து அதில் ஒரு குச்சியை எடுத்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இது எங்க வீட்டுலருந்து வரும்" என்றார். "லாபத்துல பாதி வாங்கறவன் இதுலயும் பாதி குடுக்கணும்."

எங்களிடம் இருந்தவை இரண்டு மாடு. ஒன்று கிழடு, அதை யாரும் தொடக்கூட மாட்டார்கள். மற்றது கறவை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கோழிக்கத்தி என் கையில் இல்லாமல் போனது அவர் அதிர்ஷ்டம்.

மகோகா நிமிர்ந்து இவரைப் பார்த்தார். பிறகு சபை நடுவிலேயே கடவுச்சொல்லைச் சொன்னார். பெண்ணின் அண்ணன் உள்ளிருந்து லேப்டாப் கொண்டுவர, குச்சிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அதே பாயில் வைத்துக் கணக்கைத் திருத்தினார்கள். மறுநாள் காலையில் சான்றிதழ் வந்தது. ஒப்பந்தமும் கிடைத்தது.

அறுவடை முடிந்து மாடுகளை ஒப்படைக்கப் போனோம். கறவையின் கயிற்றை நான்தான் பிடித்திருந்தேன். யாரிடமும் தர மனசு வரவில்லை. ஒவ்வொரு மாட்டையும் யார் கொடுத்தது என்று தாய்மாமன் கேட்க, பையனின் அப்பா சொல்ல வேண்டும். அதுதான் முறை.

என் மாட்டின் முறை வந்தது. "இது யாரு குடுத்தது?"

"பையனோட அப்பா" என்றார் மகோகா.

"அப்ப முன்னால வந்ததெல்லாம்?"

"அதுவும் அப்பா குடுத்ததுதாங்க. பையனுக்கு ரெண்டு அப்பா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாட்டுக்காக அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், நானும் மறுக்கவில்லை. கயிற்றை மகோகா கையில் கொடுத்தேன்.