இடது பக்கத்து டிரம்

எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிற இடத்தில் நானும் வந்து உட்கார்ந்துகொண்டதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ஊருக்குப் போடும் கார்டுதான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதிலும் கார் ஓட்டத்தைப் பற்றி, ஸ்டீரிங்கைத் தொட்டே பார்க்காத ஒருத்தி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் அந்தப் பொட்டலில் கார் ஓட்டியவர்கள் அதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்களே தவிர, யாரும் எழுதப் போவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அது அறுபதுகளின் தொடக்கம். விராலிமலையிலிருந்து கொடும்பாளூர் போகிற வழியில், பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஒரு செம்மண் பொட்டல் இருந்தது. சண்டைக் காலத்தில் ராணுவ லாரிகளை நிறுத்துவதற்காக மேடு பள்ளம் நிரவி, உருளை ஓட்டிக் கெட்டியாக்கிய இடம் என்று சொல்வார்கள். சண்டை முடிந்து லாரிகள் போய்விட்டன. தரை மட்டும் சிமெண்டு மாதிரி அப்படியே கிடந்தது. கோடையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே நாலைந்து கார்கள் வந்து சேரும். தார் டிரம்களுக்குச் சுண்ணாம்பு அடித்து நாலு மூலையிலும் நிறுத்துவார்கள். டிரம்மெல்லாம் இடது கைப் பக்கம் இருக்கும்படி, ஒவ்வொரு காராகச் சுற்றி வர வேண்டும். எங்கள் பக்கத்து டாக்டர் ஒருவர், நாடி பார்க்கிற கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் சொல்வார். பரிசு எதுவும் கிடையாது. அடுத்த மாதம் வரைக்கும் பேசிக்கொண்டிருக்க ஒரு பேச்சு, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் அப்போது ஒரு தனியார் கம்பெனியில் பஸ் டிரைவர். புதுக்கோட்டைக்கும் விராலிமலைக்கும் ஓடுகிற வண்டி. வாரம் முழுக்க பஸ் ஓட்டுகிறவர் ஞாயிற்றுக்கிழமையும் ஏன் வண்டி ஓட்ட வேண்டும் என்று என் ஆத்தா கேட்கும். பஸ்ஸில் அவர் இஷ்டத்துக்கு ஓட்ட முடியாதே என்று நான் நினைத்துக்கொள்வேன். ஒரு பங்களாவில் இரும்புக்குப் போட வைத்திருந்த பழைய இங்கிலீஷ் கார் ஒன்றை வாங்கி, இரண்டு வருஷம் உட்கார்ந்து ஓட வைத்திருந்தார். அது ஓடும், ஆனால் ஒவ்வொரு தடவையும் எதையாவது கழற்றிப் போட்டுவிட்டுத்தான் ஓடும்.

பொட்டலில் டாக்டர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. யாரும் தனியாக ஓட்டக் கூடாது; இடது சீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டும். முன்பு ஒரு தடவை தனியாக ஓட்டிய ஒருவரின் கார் திருப்பத்தில் ஒரு பக்கமாகத் தூக்கிக் கவிழப் பார்த்ததாம். என் வீட்டுக்காரர் பக்கத்தில் எப்போதும் உட்காருகிறவர் அவருடைய பஸ் கண்டக்டர். அந்த வருஷக் கோடையில் கண்டக்டருக்கு ஒரு வழக்கம் வந்திருந்தது. டிரம் வரும்போதெல்லாம் கதவின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையால் டப்பென்று ஒரு தட்டுத் தட்டுவார், பஸ்ஸில் தட்டுகிற மாதிரியே. இங்கே எந்த ஸ்டாப்பிங்கும் இல்லையப்பா, யாரை இறக்கிவிடப் போறே என்று எல்லாரும் கேலி செய்வார்கள். கண்டக்டரும் சிரித்துக்கொள்வார். நானும் வேப்பமரத்தடியில் சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்து சிரித்திருக்கிறேன்.

ஈஸ்டர் ராத்திரிப் பூசைக்குப் பிறகு என்னால் அப்படிச் சிரிக்க முடியவில்லை. அன்றைக்குக் கோயிலில் என் மெழுகுதிரியிலிருந்து என் வீட்டுக்காரர் தன்னுடையதைப் பற்றவைக்க வேண்டும். என் தீ ஒரு பக்கம் எரிய, அவர் தன் திரியை அதற்கு முன்னால் வெறும் காற்றில் பிடித்துக்கொண்டு நின்றார். அது பற்றவில்லை. நானே கையை நகர்த்திப் பற்றவைத்தேன். அதற்கு அப்புறம் கவனித்துப் பார்த்தேன். செம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் பாதி வெளியே போயிற்று. இடது பக்கமாக நான் போய் நின்றால், பேசுகிற வரைக்கும் அவருக்குத் தெரியவில்லை. கேட்டால் தூக்கம் சரியில்லை என்றார். கண்தான் போகிறதென்றால், அந்த பஸ்ஸில் தினமும் ஏறுகிற சனங்களை நினைத்துப் பார்த்தேன். ரோட்டில் இடது ஓரமாகப் போகிற மாட்டுவண்டிகளை நினைத்துப் பார்த்தேன். அந்த ஸ்டீரிங்கை விட்டால் எங்கள் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் சோறு எங்கிருந்து வரும் என்பதையும்தான் நினைத்தேன். நான் நினைப்பது தப்பாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலை சொன்னேன். ஆனால் அவரிடம் நேரே கேட்கத் தைரியம் வரவில்லை.

அந்த மாதத்து ஞாயிற்றுக்கிழமை கண்டக்டர் வரவில்லை. அவருடைய மாமனார் வீட்டில் ஒரு துக்கம். பொட்டலில் இறங்கியதும் என் வீட்டுக்காரர் முகம் வாடிப்போயிற்று. இன்றைக்கு ஓட்டவில்லை, சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, நான் உட்காருகிறேன் என்று வாயை விட்டுச் சொல்லிவிட்டேன். அத்தனை ஆண்கள் நடுவில் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. கீரனூர்ப் பக்கத்து ரைஸ்மில்காரர் ஒருவர், எங்களுக்கு நல்ல பழக்கம், என்னைப் பார்த்துச் சொன்னார்:

"தங்கச்சி, அது ஊஞ்சல் இல்லத்தா. பிடிச்சுக்க ஒண்ணும் கெடையாது."

"பிடிச்சுக்க மாட்டேண்ணே. சும்மா உக்காந்திருப்பேன்."

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். சட்டத்தில் ஆள் என்றுதானே சொன்னேன், ஆம்பிளை என்று சொல்லவில்லையே என்றார்.

உட்காருவதற்கு முன்னால் ரேடியேட்டர் ஒழுகத் தொடங்கியது. தகரத்தில் ஒரு தையல் விட்டு, அடியில் தண்ணீர் சொட்டிச் சொட்டிச் செம்மண் கறுத்துப் போயிற்று. ஈயம் வைத்துப் பற்றவைக்க அங்கே வழியில்லை. இதற்குக் கேப்பை மாவு போட்டால் போதும், மாவு போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும் என்று ரைஸ்மில்காரர் சொன்னார். அது எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்தான், ஒரு கைப்பிடி போடுவது. ஆனால் அவர் மில்காரர், காரிலேயே ஒரு பை மாவு வைத்திருந்தார், கையும் தாராளம். பாதிப் பையைக் கவிழ்த்துவிட்டார். எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் ஆனதும், மூடி பிதுங்கி, பழுப்பாகக் கொழகொழவென்று பொங்கி வழிந்தது. நல்ல கூழ் வாசனை. டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, உப்பு போட்டாச்சா என்று கேட்டார்.

"மோரு யார்ட்டயாச்சும் இருக்கா?" என்றார் ரைஸ்மில்காரர், கொஞ்சமும் கூசாமல். "வெங்காயம் நான் தாரேன்."

பக்கத்துக் கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து கழுவினோம். நானும் இறைத்தேன். கூழ் போனது போக, ஓட்டையில் ஒட்டினது மட்டும் அப்படியே நின்று ஒழுக்கை அடைத்துவிட்டது. நான் சொன்னேன் பார்த்தீர்களா என்று ரைஸ்மில்காரர் எல்லாரிடமும் ஒரு சுற்றுச் சொல்லி வந்தார்.

பிறகு ஓட்டினோம். கார் அவ்வளவு வேகமாகப் போகும்போது உள்ளே இருந்தால் எப்படி இருக்கும் என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. தகரமெல்லாம் பேசுகிறது. வயிறு பின்னால் தங்கிவிடுகிறது. முதல் டிரம் வெள்ளையாக, பெரிதாக, என் பக்கம் வந்துகொண்டே இருந்தது. இப்போது திருப்புவார், இதோ திருப்புவார் என்று நினைத்தேன். அவர் திருப்பவில்லை. என் பக்கம் காதைச் சாய்த்தார். அதை நான் நன்றாகப் பார்த்தேன். எதையோ கேட்பதற்குக் காத்திருக்கிறவர் மாதிரி அந்தத் தலை சாய்ந்திருந்தது. அப்புறம் தானாகவே திருப்பினார். நேரம் தப்பிவிட்டது, டிரம்மைக் கார் இன்னும் முழுசாகத் தாண்டவில்லை. இடது மட்கார்டு டிரம்மில் உரசி, டிரம் உருண்டது. கார் ஒரு குதி குதித்தது. அதற்கு மேல் ஆக்சிலேட்டரை மிதித்தாலும் எஞ்சின் கேட்கவில்லை. மெதுவாக உருண்டு வந்து மரத்தடியில் நின்றோம்.

பொம்பளை பக்கத்தில் இருந்தால் கவனம் சிதறத்தான் செய்யும் என்று ரைஸ்மில்காரர் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரும் ஆமாம் என்று தலையாட்டினார். எனக்கு முகம் சுட்டது. ஆனால் அந்தப் பழி என்மேல் இருப்பதே அப்போதைக்கு நல்லது என்று தோன்றியதால் பேசாமல் இருந்தேன்.

பானெட்டைத் திறந்து பார்த்தால், ஆக்சிலேட்டர் கம்பியைக் கார்புரேட்டரோடு கோக்கிற சின்னப் பின் அதிர்ச்சியில் விழுந்திருந்தது. பொட்டலில் எங்கே தேடுவது? ஆணி இருக்கிறதா, கம்பித் துண்டு இருக்கிறதா என்று எல்லாரும் பையைத் துழாவினார்கள். நான் என் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவினேன். ஓட்டையில் விட்டு இரண்டு காலையும் விரித்துவிட்டால் நிற்கும் என்று தோன்றியது. முடி அவிழ்ந்துவிட்டது, வெட்கமாக இருந்தது, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு ஊசியை அவரிடம் நீட்டினேன்.

அவர் கையை நீட்டி, ஊசிக்கு நாலு விரற்கடை முன்னாலேயே விரல்களை மூடினார். காற்றைத்தான் பிடித்தார். மெழுகுதிரி மாதிரியேதான்.

மறுபடி நீட்டவில்லை. அவர் கையைப் பிடித்து உள்ளங்கையில் ஊசியை வைத்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். வெயில் கூசுகிறது என்றார், மற்றவர்களுக்குக் கேட்கும்படி. அப்புறம் குனிந்து, இடது விரல் நுனியால் ஓட்டையைத் தடவிக் கண்டுபிடித்து, ஊசியை உள்ளே விட்டு, கட்டை விரலால் காலை விரித்தார். ஒரே தடவையில் சரியாக உட்கார்ந்தது.

இன்னொரு தடவை பார்க்கலாமா என்று டாக்டர் கேட்டார். வேண்டாம் என்று சொல்ல என் வீட்டுக்காரர் வாய் திறப்பதற்குள் நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். இடது கையைக் கதவுக்கு வெளியே தொங்கவிட்டேன். முதல் டிரம் வந்தது. எங்கே தட்ட வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மரத்தடியில் இருந்து அந்தச் சத்தத்தை எத்தனையோ தடவை கேட்டிருந்தேன், அதுதான். டப்பென்று தட்டினேன். உடனே ஸ்டீரிங் திரும்பியது. டிரம் என் பக்கத்தில் பத்திரமாகக் கடந்து போயிற்று. அடுத்த மூலையிலும் தட்டினேன். அதற்கடுத்ததிலும். அந்த வருஷத்தில் அவர் சுற்றி வந்ததிலேயே நல்ல நேரம் அதுதான் என்று டாக்டர் சொன்னார். டாக்டர் கடிகாரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். புருசனுக்கும் பெண்சாதிக்கும் கண்டக்டர் வியாதி தொற்றிவிட்டது என்று எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. என் ஜெபமாலைக்கு என்ன பதில் கிடைத்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

திரும்பி வரும்போது ரோட்டில் மெதுவாக ஓட்டினார். நடு ரோட்டை விட்டு விலகவில்லை. எதிரே லாரி வந்தபோது நான் ஒரு தட்டுத் தட்டினேன். கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கினார். அப்புறம் ஒரு புளியமரத்தடியில் தானாகவே வண்டியை நிறுத்தினார்.

"எப்பருந்துங்க?" என்றேன்.

"அறுப்புக்கு முந்தியே. மொதல்ல பனி மாதிரி இருந்துச்சு. இப்ப அந்தக் கண்ணுல ஒண்ணும் இல்ல."

"கண்டக்டருக்குத் தெரியுமா?"

"அவன்தான சொன்னான். நீங்க ஓட்டுங்கண்ணே, அங்கிட்டு நான் பாத்துக்கறேன்னு."

கண்டக்டர் நல்ல மனுசர். அதில் எனக்குச் சந்தேகமில்லை. பழகிய டிரைவரின் வேலை போகக்கூடாதே என்றுதான் அவர் நினைத்திருப்பார். அவர்மேல் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருந்தது.

"இன்னைக்கு அவரு வரலீங்களே."

"டிரம்முதான. மட்கார்டுல சுண்ணாம்புதான ஒட்டிருக்கு."

"இன்னைக்கு டிரம்முங்க."

ரோட்டில் ஒரு மாட்டுவண்டி எங்களைக் கடந்து போயிற்று. வைக்கோலுக்கு மேலே ஒரு பிள்ளை படுத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. வண்டி மறைகிற வரைக்கும் அவர் வலது கண்ணால் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்:

"எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு."

பதிலை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்ததைத்தான் சொன்னேன்.

"அந்த ஊசிய ஓட்டையில கண்ண வச்சா மாட்டுனீங்க? வெரலை வச்சுத்தான."

அவர் வண்டியைக் கிளப்பினார். வீடு வரைக்கும் நான் தட்ட வேண்டிய இடத்திலெல்லாம் தட்டிக்கொண்டு வந்தேன். அந்த வழி அவ்வளவு நீளம் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது. கடைசியில் எங்கள் தெரு திரும்புகிற இடத்தில் மட்டும், நான் தட்டுவதற்கு முன்பே, வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். நடந்து போய் மூலையைப் பார்த்துவிட்டு வந்து, பிறகு திருப்பினார்.

மறுநாள் திங்கட்கிழமை. விராலிமலை முதல் பஸ்ஸை வேறொரு டிரைவர் எடுத்துப் போனார். என் வீட்டுக்காரர் கம்பெனி ஷெட்டுக்கு நடந்து போய் மானேஜரைப் பார்த்து, ரிப்பேர் பக்கம் ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டார். யோசித்துச் சொல்வதாக மானேஜர் சொன்னார். அங்கிருந்து கண்ணைக் காட்ட டாக்டர் வீட்டுக்குப் போனார். நான் ரேடியேட்டர் மூடியில் காய்ந்து ஒட்டியிருந்த கேப்பை மாவை ஈர்க்குச்சியால் சுரண்டிக் கழுவினேன்.