மரங்கள் விழுந்த திசை

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, நண்பகலில், இங்கே சங்கு ஊதுகிறது. முதன்முதலில் கேட்டபோது கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். மில்லில் ஷிஃப்ட் மாறுகிறது என்று உடம்பு நினைத்துக்கொண்டது. ராஜபாளையத்தில் அந்தச் சத்தத்துக்குத்தான் எங்கள் வீட்டில் உலை ஏறும். அந்தச் சத்தத்துக்குத்தான் பள்ளிக்கூடப் பையைத் தேடுவோம். அமெரிக்காவில், அயோவாவில், என்னைச் சுற்றி மில்லும் இல்லை, ஷிஃப்டும் இல்லை, கண் போகிற மட்டும் சோளம். டொர்னேடோ என்கிற சுழல்காற்று வந்தால் ஊதுவதற்காக வைத்திருக்கும் சங்கு அது. வேலை செய்கிறதா என்று அவ்வப்போது ஊதிப் பார்க்கிறார்கள். புல் வெட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் இயந்திரத்தை நிறுத்தக்கூட இல்லை. "டெஸ்ட்தான்" என்று என்னைப் பார்த்துக் கையசைத்தார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தச் சத்தம் வந்தால் என் கால் வாசலைத் தேடுகிறது. எந்த வாசலை என்றுதான் அதற்குத் தெரிவதில்லை.

கவுண்டி என்று இங்கே சொல்லும் மாவட்டத்தின் அலுவலகத்தில் வரைபடம் போடுவது என் வேலை. புயல் ஓய்ந்த மறுநாள் வானிலை அலுவலகத்து ஆட்கள் சேதம் பார்க்க வருவார்கள். அவர்களோடு நானும் வயல்களில் நடப்பேன். விழுந்த ஒவ்வொரு மரத்துக்கும் வரைபடத்தில் ஓர் அம்புக்குறி. வேரில் தொடங்கி நுனியில் முடியும். அம்புகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தால், அல்லது விரித்த கைவிரல்கள் மாதிரி ஓரிடத்திலிருந்து விலகி விலகிப் போனால், அது நேர்காற்று. இடிமேகத்திலிருந்து மொத்தமாக இறங்கித் தரையில் மோதி ஓடிய காற்று. குறுகலான ஒரு தடத்தில் அம்புகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே கிடந்தும் இருந்தால், அங்கே காற்று சுழன்றிருக்கிறது. எவ்வளவு சேதம் என்பதை வைத்துச் சொல்ல முடியாது. நேர்காற்றும் கூரையைத் தூக்கி அடுத்த வயலில் போடும். ரயில் வந்த மாதிரி சத்தம் கேட்டது என்பார்கள்; இரண்டும் அப்படித்தான் இரையும். மனிதர்களைக் கேட்பதைவிட மரங்களைக் கேட்பது நல்லது என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். நான் அதை நம்பினேன், டக் என்கிற விவசாயியைச் சந்திக்கும்வரை.

டக்கின் கொட்டகை போய்விட்டது. தாத்தா காலத்துக் கொட்டகை. சேறு படிந்த பூட்ஸோடு நின்றுகொண்டு, "டொர்னேடோதானே?" என்றார். வரைபடத்தைக் காட்டினேன். அம்புகள் எல்லாம் கிழக்கே பார்த்தன, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதுபோல. ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "இல்லை, வெறும் காற்றுதான்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என் கொட்டகை வெறும் காற்றுக்கு விழாது, மேடம்." அவ்வளவுதான். பிறகு மளிகைக் கடையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். என் இங்கிலீஷில் ஏதோ பிழை என்று நெடுநாள் நினைத்தேன். நம்மைப் போல் ஊர்விட்டுப் போனவர்களுக்கு முதல் சந்தேகம் எப்போதும் நாக்கின் மேல்தான். பிழை அதில் இல்லை. சுழல்காற்று என்றால் அது அவரைத் தேடி வந்திருக்கிறது, அதற்கு முன்னால் எதுவும் நிற்காது. நேர்காற்று என்றால் எல்லோருக்கும்தான் வந்தது, அவருடைய கொட்டகை நிற்கவில்லை.

போன சித்திரையில் ஒருநாள் தம்பி முருகேசன் வீடியோவில் கூப்பிட்டான். வீடு ராஜபாளையத்தில் என்றாலும் எங்கள் மாந்தோப்பு தேவதானத்துக்கு மேற்கே, மலையடியில். அப்பா வைத்த சப்பட்டை ரக மாமரங்கள். அப்பா போனபின் முருகேசன்தான் தினமும் பைக்கில் போய்ப் பார்க்கிறான். திரையில் வானம் வந்தது, பிறகு இலை, பிறகு அந்தரத்தில் நிற்கும் வேர்.

"சுழிக்காத்துக்கா. நம்ம தோப்ப மட்டும் பாத்து அடிச்சிட்டுப் போயிருச்சு. பக்கத்துத் தோப்புல ஒரு மரம் சாயல."

"போனத் திருப்புடா. மலை எந்தப் பக்கம் இருக்கு?"

"மரம் விழுந்து கெடக்குங்கேன், மலை எங்க இருக்குங்கியே! எங்கயும் போகல, அங்கனதான் இருக்கு."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "அவகிட்ட ஏன் மறைக்க? மொத காயக் கருப்பனுக்கு வைக்கல, சொல்லுலே."

எங்கள் தோப்பில் முதல் பறிப்பு கருப்பசாமி கல்லுக்கு. அதற்குப் பிறகுதான் வீட்டுக்கும் வியாபாரிக்கும். இந்த வருஷம், முழுகாமல் இருக்கிற தன் தங்கை கேட்டாள் என்று, முருகேசனின் மனைவி செல்வி பழுக்காத காயில் ஒரு பை பறித்து, பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த வாரமே காற்று அடித்தது. ஊர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது. "மொத காய் எங்க போச்சோ, அங்கயே போயி இரு" என்று அம்மா சொல்ல, செல்வி போய்விட்டாள்.

அன்றைக்கு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நிழலை வைத்துத் திசை பிடிக்க முயன்றேன். இன்னொரு கண்டத்தில் உட்கார்ந்துகொண்டு, மலையே தெரியாத படத்தில் அம்பு போடுகிற பைத்தியக்காரத்தனம். லீவு போட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

தோப்புக்குள் நுழைந்ததுமே தெரிந்துவிட்டது. சாய்ந்த மரங்கள் எல்லாம் மலைக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே கிடந்தன. குறுக்கே ஒன்றுமில்லை, எதிரே ஒன்றுமில்லை. வேலி தாண்டிப் பக்கத்துத் தோப்புக்குப் போனேன். அங்கேயும் அதே காற்று வந்திருந்தது; ஒடிந்த கிளைகள் கிழக்குப் பக்கமே தொங்கின. ஆனால் வேர்கள் பிடித்திருந்தன. அந்தத் தோப்புப் பாத்திகளில் புழுதி. திரும்பி வந்து எங்கள் பாத்தியைப் பார்த்தேன். தண்ணீர் தேங்கி நின்று காய்ந்த வண்டல், ஓடு ஓடாக வெடித்துக் கிடந்தது. வேர்க்குழியில் கையை விட்டு மண்ணைப் பிடித்தேன். உருண்டை பிடிக்க வந்தது. மழையென்றால் வேலிக்கு அந்தப் பக்கமும் பெய்திருக்க வேண்டும். காய் கனத்த மரங்கள், சேறாகிப்போன தரை, மலையிலிருந்து இறங்கிய ஒரு நேர்காற்று. யாரும் யாரையும் தேடி வரவில்லை.

"என்னக்கா, வேருக்கு நாடி பாக்குறியா?" முருகேசன் பின்னால் வந்து நின்றான்.

"சுத்தி அடிச்சா மரம் இப்படிக் கெடக்காதுடா. பின்னிக் கெடக்கும். இது நேரா அடிச்ச காத்து. பக்கத்துத் தோப்புலயும் அடிச்சிருக்கு."

"அப்ப அவன் மரம் மட்டும் ஏன் நிக்கி?"

நான் பாத்தியைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எப்படா தண்ணி கட்டுன?"

"காத்துக்கு முந்துன நாளு. காய் இன்னும் செத்த பெருக்கட்டும்னு மோட்டார நிப்பாட்டாம விட்டேன்." துண்டை உதறித் தோளில் போட்டான். "சுழிக்காத்துன்னே இருக்கட்டும்க்கா. ஊரே அப்படித்தான் பேசுது. அதுல யாருக்கு என்ன நட்டம்?"

"செல்விக்கு."

"நீ நாலு நாளு இருப்ப. பொறவு பிளேன் ஏறிருவ. அப்பா வச்ச மரத்தத் தண்ணி கட்டியே சாச்சவன்னு ஒரு பேரு வந்தா, அந்தப் பேரோட டீக்கடையில உக்காரப் போறது நானு."

எனக்கு டக்கின் முகம் ஞாபகம் வந்தது. அங்கே உண்மையைச் சொல்லிவிட்டு அடுத்த வயலுக்கு நடந்துவிட்டேன். வரைபடத்தில் அம்பு இருக்கும், அந்த மரத்துக்குச் சொந்தக்காரன் இருக்க மாட்டான். இங்கே சொந்தக்காரன் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். சொன்னால் தம்பி தலைகுனிவான், சொல்லாவிட்டால் செல்வி வீடு திரும்ப மாட்டாள். இரண்டுக்கும் நடுவே, ரிட்டர்ன் டிக்கெட் எடுத்து வைத்துக்கொண்டு நான்.

மறுநாள் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். செல்வி மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். அவள் ஒரு சேலையை உதறிக் கொடியில் போட்டு, மடிப்பு நீவி, கிளிப் மாட்டினாள்.

"இதுக்கா மதினி அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்தீக? எனக்குத் தெரியாதா? இப்பத் தண்ணி கட்டாதீக, காய் சப்புன்னு போயிரும்னு அவியட்ட அன்னைக்கே சொன்னேன்."

"பொறவு ஏன் ஏட்டி வாயத் தொறக்கல?"

"அத்தை என்னைய ஏசும்போது அவியளும் பக்கத்துலதான். அவிய வாயில இருந்து வரும்னு செத்த நேரம் நின்னு பாத்தேன். வரல. பையத் தூக்கிட்டு வந்துட்டேன்."

"நான் அம்மாட்ட சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. அமெரிக்காவுல படிச்சவ சொல்லுதான்னு தலையாட்டுவாக. நீங்க அந்தப் பக்கம் போனதும் மறுபடியும் ஆரம்பிப்பாக. நீங்க சொல்லி நான் அங்க வந்து இருக்க முடியாது மதினி. அவியளே சொல்லட்டும்."

அவள் கோபமாகக்கூடப் பேசவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. என் சொல்லுக்கு இங்கே மதிப்பு உண்டு, ஆயுள் இல்லை. விருந்தாளியின் வாக்கு இலை எடுக்கும்வரைக்கும். அயோவாவிலும் அப்படித்தான் என்று தோன்றியதும் மாடியிலிருந்து இறங்கும்போது படி தடுக்கியது.

அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. கிளம்புகிற நாள், சென்னை ரயிலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கொண்டுபோய் விடு என்று முருகேசனிடம் கேட்டேன்.

"அந்த ரயிலு இங்கயே நிக்குமே."

"எனக்கு அங்க ஏறணும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தான். பையை பைக்கின் டேங்க் மேல் வைத்துக்கொண்டு கிளம்பினான். போன் பண்ணியிருந்தேன், செல்வி வந்திருந்தாள், கையில் புளியோதரைப் பொட்டலத்தோடு. பிளாட்பாரத்தில் இருவரும் என்னிடமே பேசினார்கள். வெயிலைப் பற்றி இவள், தண்ணீர் பாட்டிலைப் பற்றி அவன்.

ரயில் வந்தது. பையை ஏற்றி வைத்துவிட்டு முருகேசன் இறங்கினான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு செல்வி நின்றாள். அவன் கொஞ்சம் தள்ளி நின்று, ரயில் சக்கரத்தைப் பார்த்தபடி சொன்னான்.

"செல்வி. விழுந்த எடத்துல கன்னு வைக்கணும்."

"வைங்க."

"வச்சா, தண்ணி எப்பக் கட்டணும்னு நீதான் சொல்லணும்." தொண்டையைச் செருமிக்கொண்டான். "அன்னைக்கே சொன்ன. நாந்தான் கேக்கல."

செல்வி திரும்பவில்லை. அவள் விரல்கள் கம்பியில் இறுகுவது எனக்குத் தெரிந்தது.

"இத அத்தை முன்னாடி சொல்லுவீகளா?"

"சொல்லுதேன்."

"டீக்கடையில?"

"ஏட்டி... சரி, சொல்லுதேன்."

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. போகிற திசைக்கு முதுகு காட்டிய இருக்கை எனக்கு. முகம் ஊரைப் பார்த்திருக்க, உடம்பு பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. கம்பியை விடாமல் செல்வி கூடவே நடந்து வந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத முகத்தோடு, பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"கேட்டீகல்ல மதினி? நீங்கதான் சாட்சி. எங்கயும் போயிராதீக!"