சிக்கந்தர் பார்த்த மதுரை

சிக்கந்தர் ராவுத்தர் போய்விட்டார் என்ற செய்தியை அவருடைய தம்பி விமான மைதானத்துக்கே வந்து சொன்னார். "அண்ணன் மவுத்தாயிட்டாக. நீங்க முன்னால நின்னு எல்லாம் பாக்கணும்னு சொல்லிட்டுப் போனாக." செத்த பிறகும் எனக்கு வேலை வைக்கிறாரே என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் அழுதேன்.

மைதானத்தில் எங்களோடு இருந்த நண்பர்களுக்கு அவரைத் தெரியும். நாங்கள் இருவரும் அங்கே வேலைக்குச் சேர்ந்தது யுத்த காலத்தில். பட்டாளத்து விமானங்களும் தபால் விமானமும் ஒரே ஓடுபாதையில்தான் இறங்கும். அதற்குமுன் பாதையைக் காலி செய்வது எங்கள் இருவர் வேலை. ஆடு மாடுகளை விரட்டிவிடலாம். பக்கத்துப் பெருங்குடிச் சம்சாரிகளோ, அத்தனை சுத்தமான தரையைக் கண்டால் சோளம் காயப்போடாமல் இருக்கமாட்டார்கள்.

ஒருநாள் தபால் விமானம் தலைக்குமேல் வட்டமடிக்கிறது, பாதை முழுக்கச் சோளம். தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்திகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. சிக்கந்தர் நிதானமாக நடந்து வந்தார். "ஆத்தா, அது விடுற காத்துல அம்புட்டுச் சோளமும் அவனியாபுரம் கம்மாயில போய் விழுகும். பெறக்கவா போறீக?" என்றார். மளமளவென்று அள்ளிவிட்டார்கள். கத்தியவன் நான், பேர் அவருக்கு.

இறங்கிய விமானி சிரித்துக்கொண்டே, உங்களில் ஒருவரை மேலே கூட்டிப்போகிறேன் என்றார். அந்த ஓர் ஆசைக்காகத்தான் நான் அந்தப் பொட்டல் வெயிலில் கிடந்தேன். வேலையில் மூத்தவனும் நான்தான். விமானியின் கை சிக்கந்தர் பக்கம் நீண்டது.

அதன்பிறகு எங்கே போனாலும் சிக்கந்தருக்கு அந்தப் பேச்சுத்தான். நாலு கோபுரமும் நாலு சோளக்கதிராட்டம் நிற்கிறதாம், வைகை வேட்டிக்கரை மாதிரி நெளிகிறதாம். காபிக்கடையில் ஜனம் வாயைப் பிளந்து கேட்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாதியிலேயே எழுந்து போய்விடுவேன். ஒருநாளும் முழுசாகக் கேட்டதில்லை.

அடக்கம் முடிந்து திரும்பும்போது தம்பியிடம் நானே அதைக் கேட்டேன். மேலேயிருந்து அண்ணன் இன்னும் என்னவெல்லாம் பார்த்தாராம்?

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க கேட்டா மட்டும் உள்ளதச் சொல்லச் சொன்னாக. ஏறுனதுலேருந்து எறங்குற வரைக்கும் அண்ணன் பயத்துல கண்ணையே தொறக்கலையாம்."

இத்தனை வருஷத்து எரிச்சல் அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு போன மனுஷன் மதுரையை அவ்வளவு அழகாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். என்னை ஏற்றியிருந்தால் கண்ணை அகலத் திறந்து பார்த்துவிட்டு, கோபுரம் சின்னதாகத் தெரிந்தது என்று சொல்லியிருப்பேன். சிக்கந்தர் எனக்கென்று விட்டுப்போனது இந்தப் பொறாமை ஒன்றுதான். அதை நான் யாருக்கும் தருவதாக இல்லை.