பேசி முடிக்கவில்லை

கடலூர் பக்கம் ஒரு நகராட்சியில் நான் கவுன்சிலர். அன்றைய கூட்டத்தில், எங்கள் வார்டு குடிநீர்க் குழாயில் சாக்கடை கலப்பதைச் சொன்னதும் மைக்கை அணைத்துவிட்டார்கள்.

"எங்க புள்ளைங்க சாக்கடையத்தான் குடிக்கிது!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

எதிர்வரிசை ஆள் ஒருவர் நாற்காலியைத் தூக்கி என்மேல் வீசினார். குறுக்கே பாய்ந்து அடியை வாங்கியவர் அதே வரிசைச் செல்வம். நான் எழுந்தாலே பேசவிடாமல் மேசையைத் தட்டுகிறவர். அவர் மண்டை உடைந்து ரத்தம் கொட்டியது. அதற்குள் இரு தரப்பினரும் சட்டையைப் பிடித்து அடித்துக்கொண்டார்கள்.

"கூட்டம் முடிஞ்சிடுச்சி" என்று தலைவர் எழுந்தார்.

செல்வம் துண்டால் தலையைப் பொத்திக்கொண்டே, "ஒக்காருங்க தலைவரே. அந்தம்மா இன்னும் பேசி முடிக்கல" என்றார்.

தலைவர் உட்கார்ந்தார். அடிதடியும் நின்றது. மைக் இல்லாமலே பேசி முடித்தேன்.

அடுத்த கூட்டத்தில் செல்வம், தலையில் தையலோடு, வழக்கம்போல மேசையைத் தட்டினார். அந்தச் சத்தம் எனக்கு முதன்முறையாகத் தைரியம் தந்தது.