எதிர்வீட்டுச் சவுக்கு

என் மாமா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்கியவர், தான் மட்டும் யாரிடமும் இறங்கி வர மாட்டார். அத்தை போன பிறகு தனக்கென்று மிஞ்சியது, வாசலில் அவள் நட்ட ஆஸ்திரேலியச் சவுக்கு மரம் ஒன்றுதான் என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்போது நாங்களெல்லாம் யாராம்?

அந்த மரத்தின் வேர் கழிவுநீர்க் குழாயை உடைத்துவிட்டது. வெட்டியே ஆக வேண்டும் என்று நகராட்சி ஆள் சொல்லிவிட்டுப் போனார். மாமா வாதாடவில்லை. கிளைகளை நறுக்கித் தொட்டி தொட்டியாக நட்டார். அத்தனையும் அழுகின. மறுபடி நட்டார், மறுபடி அழுகின. அவர் சாப்பாட்டைக் குறைத்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. நர்சரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"குச்சி லேசுல வேர் விடாதுங்க," என்றாள் நர்சரிக்காரி. "காய் பறிச்சுட்டு வாங்க, விதை போடலாம்."

"அது காய்ச்சதே இல்லையேம்மா," என்றார் மாமா.

"அப்போ ஆண் மரம். இந்த வகையில ஆண் தனி, பெண் தனி. பக்கத்துல பெண் மரம் ஏதாவது இருக்கா? உங்க மரத்து மகரந்தம் காத்துல போய் அங்க காய் பிடிச்சிருக்கும். அந்த விதையும் உங்க மரத்துப் பிள்ளைதானே?"

மாமாவின் முகம் சுண்டிவிட்டது. பெண் மரம் எங்கே நிற்கிறது என்று எனக்கும் தெரியும். அத்தை அன்று வாங்கியது இரண்டு கன்றுகள். ஒன்றை எதிர்வீட்டு டெய்லரம்மாவுக்குக் கொடுத்திருந்தாள். எங்கள் மரம் பூக்கும்போதெல்லாம் துருநிறத் தூசி பறந்து, டெய்லரம்மா காயப்போட்ட வெள்ளைத் துணிகளில் படியும். ஒருமுறை கேட்க வந்தவரிடம், "காத்துக்கிட்ட போய்ச் சொல்லுங்க" என்று மாமா கதவைச் சாத்திவிட்டார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றது.

"நீ போய் வாங்கிட்டு வாயேன்," என்றார் என்னிடம்.

"உங்க மரம், உங்க சண்டை. நீங்களே போங்க மாமா."

சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். பின்னாலேயே நானும் போனேன், வேடிக்கை பார்க்காமல் இருக்க முடியுமா? டெய்லரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றார். "கொஞ்சம் சவுக்குக் காய் வேணும்," என்று மாமா தரையைப் பார்த்துச் சொன்னார். டெய்லரம்மா உள்ளே போய் ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்தார்.

"நான் பிடிச்சுக்கறேன். ஏறுங்க."

காகிதப் பையில் போட்டு வைத்த காய்கள் சில நாளில் வாய் பிளந்து, சிறகு வைத்த விதைகளைக் கொட்டின. அவை முளைத்து நாற்றான பிறகுதான் மரத்தை வெட்டினார்கள். மாமா வெளியே வரவில்லை. ரம்பச் சத்தம் ஓயும்வரை நாற்றுத் தட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். நான்தான் அழுதேன்.

கன்றுகள் ஒரு சாண் வளர்ந்ததும் டெய்லரம்மா பார்க்க வந்தார்.

"நல்லா வந்திருக்கு," என்றார். போகும்போது, "இனிமே என் மரத்துல விதை பிடிக்காது, இல்ல?" என்று கேட்டார்.

தன் இழப்பைத் தவிர வேறெதையும் மாமா அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை எதிர்வீட்டுத் தோட்டத்தில், குழாய் போகாத மூலையில் மாமா குழி தோண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தது, எங்கள் யாரையும் அவர் தொட விடாத, இருப்பதிலேயே வாளிப்பான கன்று.

"அதையா குடுக்கறீங்க?" என்றார் டெய்லரம்மா.

"ஆணா பெண்ணான்னு பூக்கற வரைக்கும் தெரியாதாம்," என்றார் மாமா, நிமிராமல். "ஆணா வரணும்னு வேண்டிக்கிட்டு நடறேன்."