செகண்ட் ஷிஃப்ட் வாரத்தில் காணாமல் போனவை

கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்கள் என்னிடம் யோசனை கேட்பார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஷிஃப்ட்டில் ஓடிக்கொண்டு, பிள்ளையையும் வைத்துக்கொண்டு வீட்டை எப்படிக்கா இவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறீர்கள் என்பார்கள். போன வருஷம் மார்ச் வரை நானும் கூச்சமே இல்லாமல் அள்ளி விட்டுக்கொண்டிருந்தேன். யூனிஃபார்மை மடிக்கும்போதே சாக்ஸையும் கைக்குட்டையையும் உள்ளே வைத்துச் சுருட்டிவிடுங்கள், ஐந்து நாளைக்கு ஐந்து சுருட்டு. ஸ்கூல் பையை முதல் நாளே வாசலைப் பார்க்க வையுங்கள். லீவு நாளில் பூண்டை உரித்து, தேங்காயைத் துருவி, டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் தள்ளுங்கள். இதெல்லாம் இன்றைக்கும் உதவுகிற யோசனைதான், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஏழாவதாக ஒன்று வைத்திருந்தேன். அதை மட்டும் இப்போது யாருக்கும் சொல்வதில்லை.

நான் ஒரகடத்தில் கார்களுக்கு வயரிங் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறேன். பதினோரு வருஷமாகிறது. வீட்டுக்காரருக்கு வல்லம் வடகாலில் வேலை. இரண்டு பேருக்கும் ஊர் சங்கரன்கோவில் பக்கம். வடக்குப்பட்டில் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மகளுக்கு அப்போது எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. இங்கேயே பிறந்து வளர்ந்தவள் என்பதால் 'இன்னாம்மா', 'வூட்டுக்கு எப்ப வருவ' என்றுதான் பேசுவாள். கேட்கும்போதெல்லாம் அவள் அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரு வாரம் எனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், அவருக்கு செகண்ட். அடுத்த வாரம் அப்படியே மாறும். பிள்ளையைத் தனியாக விடக்கூடாது என்று நாங்களே கேட்டு வாங்கிக்கொண்ட ஏற்பாடு. எனக்கு செகண்ட் ஷிஃப்ட் என்றால் காலையில் அவளைக் கிளப்பி ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு, மதியம் ஒரு மணிக்குப் பஸ் ஏறுவேன். அவர் மூன்றரைக்கு வருவார், அவள் நாலு மணிக்கு வருவாள். விடியுமுன் நாலு மணிக்கே எழுந்தவர், அவளுக்குப் பாலைக் காய்ச்சிக் கொடுத்துவிட்டுப் பாயில் சாய்ந்துவிடுவார். நான் திரும்பி வரும்போது அவள் தூங்கியிருப்பாள்.

இதில் பிரச்சினையைக் கிளப்பியவர் ஊரில் இருக்கிற என் மதினி, வீட்டுக்காரரின் அக்கா. பிள்ளையை என்னிடம் விட்டுவிடுங்கள், நான் வீட்டோடுதானே இருக்கிறேன், தெருமுனையிலேயே ஸ்கூல் இருக்கிறது, அங்கே ஏன் அல்லாடுகிறீர்கள் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்குக் கோபம் வந்தது. இவருக்கோ அரை மனது அங்கேயே போய்விட்டது. அந்த நேரத்தில் எங்கள் வீடும் அப்படித்தான் கிடந்தது. ஒரு காலில் நீல சாக்ஸ், ஒரு காலில் கறுப்பு சாக்ஸோடு அவள் ஸ்கூலுக்குப் போன நாளெல்லாம் உண்டு. முழு ஆண்டுப் பரீட்சைக்குள் வீட்டை ஒழுங்குக்குக் கொண்டுவந்து காட்டுகிறேன், முடியவில்லை என்றால் ஜூனில் நீங்களே கொண்டுபோய் விடுங்கள் என்று வாய்விட்டேன். விட்ட பிறகுதான் பயம் வந்தது.

எனக்குத் தெரிந்த ஒழுங்கு கம்பெனி ஒழுங்குதான். அங்கே கட்டர், ஸ்பேனர் எல்லாம் ஒரு போர்டில் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதே வடிவத்தில் கோடு போட்டிருக்கும். எடுத்த பொருள் திரும்பி வராவிட்டால் வெறும் கோடு மட்டும் தெரியும், உடனே கண்டுபிடித்துவிடலாம். வீட்டிலும் அதேபோல ஒரு போர்டு அடித்தேன். கத்திரிக்கோல், சீப்பு, நகவெட்டி, டார்ச், மாற்றுச் சாவி, வீட்டில் வைத்திருக்கிற பட்டன் போன். கோடு போட்டதெல்லாம் மகள்தான். நான் பொருளைப் பிடித்துக்கொள்ள, அவள் மார்க்கரால் சுற்றி வரைந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதி நாள் அதிலேயே போனது. கத்திரிக்கோலுக்குக் கோடு போடுவதில் இந்தப் பிள்ளைக்கு என்ன இவ்வளவு சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்ததாக ஒரு நோட்டு. ஷிஃப்ட் மாறும்போது கம்பெனியில் எழுதி வைப்போமே, அதேபோல அவரும் நானும் எழுதிக்கொள்ள. கேஸ் தீர்ந்தது, பிள்ளைக்கு இருமல் மருந்து கொடுத்தாயிற்று, கணக்கு நோட்டில் கையெழுத்துப் போடவும் என்றெல்லாம் அதில் இருக்கும். கடைசியாக, ஃப்ரிட்ஜ் கதவில் ஏழு விதிகள் எழுதி ஒட்டினேன். ஏழாவது விதி போனைப் பற்றியது. வேலை நடக்கிற லைனில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது, லாக்கரில்தான் இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் டீ பிரேக். அதில் பாத்ரூமுக்கும் போய், டீயும் குடித்து, ஓட வேண்டும். அதனால் இப்படி எழுதினேன்: 'ஏதாவது காணோம் என்றாலோ பிரச்சினை என்றாலோ மட்டும் ஆறு மணிக்கு அம்மாவுக்கு மிஸ்டு கால். எல்லாம் சரியாக இருந்தால் போன் வேண்டாம்.' கம்பெனியில் மெஷின் மேல் பச்சை விளக்கு எரிந்தால் யாரும் அந்தப் பக்கம் போகமாட்டோம், சிவப்பு எரிந்தால்தான் ஓடுவோம். அந்த நினைப்பில் எழுதியது. மிஸ்டு கால் இல்லையென்றால் வீடு நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாக டீ குடிக்கலாம், பாருங்கள் என்று பஸ்ஸில் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

இரண்டு வாரம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு பொருள்கள் காணாமல் போக ஆரம்பித்தன.

முதலில் சீப்பு. அடுத்த நாள் கத்திரிக்கோல். அதற்கப்புறம் மாற்றுச் சாவி. ஆறு மணிக்கு லாக்கரைத் திறந்தால் மிஸ்டு கால் இருக்கும். கூப்பிட்டால், அம்மா, சாவி காணோம்மா என்பாள். எனக்குத் திக்கென்றது. ஷூ ஸ்டாண்டில் பார், அப்பா சட்டைப் பையில் பார், கட்டிலுக்கு அடியில் பார் என்று நான் சொல்லச் சொல்ல, போனைக் காதில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு இடமாகப் போவாள். தேடும்போதும் வாய் சும்மா இருக்காது. இன்றைக்குக் கணக்கு மிஸ் புதுக் கண்ணாடி போட்டு வந்தார்கள், பின்வீட்டு நாய் மூன்று குட்டி போட்டிருக்கிறது, அதில் ஒன்று மட்டும் கறுப்பு என்று போய்க்கொண்டே இருக்கும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"நாயை விடு. முதல்ல சாவியத் தேடு."

டீ ஆறிப் போகும், பெல் அடித்துவிடும். மறுநாள் காலையில் அந்தச் சாவி ஷூவுக்குள் இருக்கும், அல்லது தலையணை உறைக்குள் இருக்கும். சில பொருள் கிடைக்காமலே போகும். எனக்கு ஒன்றும் புரியவில்லை. போர்டு இருக்கிறது, கோடு இருக்கிறது, நோட்டு இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் முன்பைவிட அதிகமாகத் தொலைகிறதே என்று மண்டை காய்ந்தது. ஒரு கட்டத்தில் என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. தூக்கம் கெட்டு ஞாபகம் பிசகுகிறதோ, நானே எடுத்து எங்காவது வைத்துவிட்டு மறந்துபோகிறேனோ என்று பயந்தேன். கிளம்பும்போது போர்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனேன். போட்டோவில் நகவெட்டி தொங்கியது. ஆறு மணிக்கு நகவெட்டி காணோம் என்றாள்.

குவாலிட்டியில் இருக்கிறவளுக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். பொருள் காணாமல் போன நாளையெல்லாம் காலண்டரில் சிவப்புப் புள்ளி வைத்துப் பார்த்தேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் எல்லாப் புள்ளியும் எனக்கு செகண்ட் ஷிஃப்ட் வருகிற வாரங்களில் மட்டும் இருந்தது. மற்ற வாரங்களில் ஒன்றுகூட இல்லை. அந்த வாரங்களில் சாயங்காலம் வீட்டில் இருப்பது யார்? அவர். பிடித்தேன் திருடனை என்று காலண்டரை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். தூக்கக் கலக்கத்தில் எதையாவது எடுத்து எங்கேயாவது போடுகிறீர்கள் என்று சண்டைக்கு நின்றேன்.

அவர் காலண்டரை வாங்கி நிதானமாகப் பார்த்தார். எனக்கு அப்போதே என்னவோபோல் ஆகிவிட்டது.

"நீ இல்லாத வாரத்துல வீடு வீடா இல்லங்கத நீயே புள்ளி வச்சுக் காட்டிட்ட. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

அவர் அங்கேயே அக்காவுக்குப் போன் போட்டார். ஜூனில் கொண்டுவந்து விடுகிறோம், ஸ்கூலில் சொல்லி வையுங்கள் என்றார். மகள் உள்ளறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாள் என்று தெரியும். ஆனால் வந்து ஒன்றும் கேட்கவில்லை, நானும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. என் வாயால் நானே பந்தயம் கட்டித் தோற்றுவிட்டேன் என்ற எண்ணம்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குள் என்ன ஓடும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. இதை எழுதும்போதுகூட வெட்கமாகத்தான் இருக்கிறது.

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு வியாழக்கிழமை. செகண்ட் ஷிஃப்ட் வாரம்தான். அவளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டுச் சட்னி அரைக்கப் போனால் மிக்ஸி ஓடவில்லை. வாரண்டி அட்டை மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியில் இருக்கும் என்று கட்டிலுக்கடியில் குனிந்து இழுத்தேன். பெட்டி கனத்தது. திறந்தால் உள்ளே நகவெட்டி, இரண்டு சீப்பு, ஒற்றை சாக்ஸ், டிபன் பாக்ஸ் மூடி, கத்திரிக்கோல். எல்லாம் துணி விரித்து வரிசையாக அடுக்கியிருந்தது. மேலே நோட்டில் கிழித்த ஒரு பக்கம். நான் கம்பெனியில் போடுகிற மாதிரியே ஸ்கேல் வைத்து மகள் கட்டம் போட்டிருந்தாள். தேதி, பொருள், நிமிஷம்.

பட்டன் போனில் பேசி முடித்ததும் எத்தனை நிமிஷம் பேசினோம் என்று காட்டும். அதைப் பார்த்து எழுதியிருக்கிறாள். சீப்பு, 1. பக்கத்தில், 'வேற சீப்பு எடுத்துக்கோ சொல்ட்டாங்க' என்றிருந்தது. நகவெட்டி, 2. கத்திரிக்கோல், 4. சாவி, 9. சாவிக்கு மட்டும் நட்சத்திரம் போட்டு, அதையும் அடித்துவிட்டுக் கீழே எழுதியிருந்தாள்: 'சாவி வேணாம். அம்மா பயப்படுறாங்க.'

தரையில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அழுகையா கோபமா என்று எனக்கே தெரியவில்லை. முதுகில் நாலு வைக்கலாம் என்றும் இருந்தது, ஸ்கூலுக்கே ஓடிப்போய்த் தூக்கிக்கொள்ளலாம் என்றும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. பெட்டியை இருந்தபடியே உள்ளே தள்ளிவிட்டு ஒரு மணிக்குப் பஸ் ஏறிவிட்டேன். லைனில் அன்றைக்கு எத்தனை பீஸை ஒழுங்காகப் பார்த்தேன் என்று சத்தியமாகத் தெரியாது.

ஆறு மணிக்கு மிஸ்டு கால் இருந்தது. கூப்பிட்டேன்.

"அம்மா, டார்ச் காணோம்மா."

எங்கே தேடு என்று நான் சொல்லவில்லை. அந்தக் கறுப்பு நாய்க்குட்டி இப்போது எவ்வளவு பெரிதாகிவிட்டது என்று கேட்டேன். கட்டிலுக்கடியில் மிக்ஸி பெட்டியைப் பார்த்துவிட்டேன், திட்டமாட்டேன், ஏன் இப்படிச் செய்தாய் என்று மட்டும் சொல் என்றேன்.

"நீதானம்மா எழுதி ஒட்டிகினு கீற, எல்லாம் சரியா இருந்தா போன் வேணாம்னு."

அவள் குரலில் அழுகை இல்லை. விதியைப் படித்து அதன்படி நடந்தவளின் குரலில், என் தப்பு என்ன என்று உண்மையாகவே புரியாமல் கேட்டாள். போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன். நான் கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, டார்ச்சை எடுத்து மாட்டிவிட்டேன், எல்லாவற்றையும் மாட்டிவிடுகிறேன் என்றாள். பிறகு ரொம்ப மெதுவாக ஒன்று கேட்டாள்.

"அத்தை வூட்டுக்குப் போனா, அங்க இன்னா தொலைச்சாம்மா நீ பேசுவ?"

பெல் அடித்தது. என்னைச் சுற்றி இருந்தவர்கள் டீ கப்பைப் போட்டுவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு நடந்தார்கள். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டேன். தூங்குகிறார் என்றாள். எழுப்பி அவர் கையில் போனைக் கொடு என்றேன். எழுப்புகிற சத்தம் கேட்டது. பாயில் புரண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்றைக்கு என்ன காணோம் என்று அலுப்பாகக் கேட்டார்.

ஒன்றும் காணாமல் போகவில்லை என்றேன். உங்கள் அக்காவைக் கூப்பிட்டு, பிள்ளை ஜூனில் வரமாட்டாள் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். லைன் லீடர் கதவருகே வந்து என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். பதினோரு வருஷத்தில் பெல் அடித்த பிறகு நான் லைனுக்கு வெளியே நின்றதில்லை. லீடரைப் பார்த்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டேன்.

"காரணத்த வீட்டுக்கு வந்து சொல்லுதேன். இப்ப போனப் பிள்ளைட்ட குடுங்க, அவ இன்னும் பேசி முடிக்கல."