சித்தி சம்மதிக்காத துவக்கு

அந்தத் துவக்கு கடைசிவரைக்கும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், எந்தப் பக்கத்தில் யார் சுடுபட்டுச் சாகப்போகிறார்களோ என்று பயந்துகொண்டே வாசிப்பீர்கள். யாரும் சுடுபடவில்லை. ஒரு முயல்கூடச் சாகவில்லை. என் சித்தப்பா ஒரு குளிர்காலம் முழுக்க அதை வாங்குவதா விடுவதா என்று யோசித்தார், நடந்தது அவ்வளவுதான்.

எண்பதுகளின் கடைசி. எனக்கு ஒன்பது வயது. நாங்கள் லண்டனில், நோர்பரியில் இருந்தோம். அப்பாவின் தம்பியான சித்தப்பா ஊரிலிருந்து வந்து எங்கள் வீட்டின் சின்ன அறையில் தங்கியிருந்தார். ஒரு கட்டிலையும் அவருடைய சூட்கேசையும் வைத்த பிறகு அந்த அறையில் ஆள் திரும்ப இடமில்லை. அவருடைய அகதிக் கேஸ் முடியாமல் இழுபட்டுக்கொண்டு கிடந்தது. வேலை செய்ய அனுமதியும் இல்லை. அப்பா கடைக்கு, அம்மா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்கு, நான் பள்ளிக்கூடத்துக்கு என்று எல்லாரும் போய்விட, வீட்டில் அவர் மட்டும் மிஞ்சுவார். பின்னேரம் நான் வரும்போதும் காலையில் இருந்த அதே கதிரையில்தான் இருப்பார். ரிவி ஓடும், சத்தம் இருக்காது. ஏன் சத்தத்தை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "விளங்கினால்தானே பிள்ளை" என்பார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும். சில நேரம் எரிச்சலாகவும் இருக்கும், ஏனென்றால் அந்தக் கதிரை என்னுடையது.

சனிக்கிழமைகளில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவது எங்கள் இரண்டு பேருடைய வேலை. கோலியர்ஸ் வுட்டில் பேப்பரும் சிகரெட்டும் விற்கிற ஒரு கடையில் அப்பா நின்றார். அந்தக் கடைக் கண்ணாடியில் சின்னச் சின்ன அட்டைகள் ஒட்டியிருக்கும். குழந்தை வண்டி விற்பனைக்கு, பியானோ சொல்லித் தரப்படும், பூனையைக் காணவில்லை, இப்படி. அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை நான் அவற்றை வாசித்துச் சித்தப்பாவுக்குத் தமிழில் சொல்லுவேன். அப்படி ஒரு நாள் வாசித்ததுதான் இது: பழைய வேட்டைத் துவக்கு விற்பனைக்கு. ஒரு தரத்துக்கு ஒரு வெடி மட்டும் வைக்கலாம். நல்ல நிலையில் உள்ளது. கீழே அடுத்த தெருவின் விலாசம்.

சித்தப்பா திரும்பவும் வாசிக்கச் சொன்னார். ஊரில் அவருக்கு மாங்குளத்துப் பக்கம் வயல் இருந்தது. பன்றி விரட்டுவதற்கு லைசென்ஸ் எடுத்துத் துவக்கு வைத்திருந்தவர். பிறகு ஒரு நாள் ஆட்கள் வந்து அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எந்த ஆட்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை, நாங்கள் கேட்கவும் கூடாது.

"சும்மா ஒருக்கால் பாப்பம்" என்றார்.

கதவைத் திறந்தவர் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். நெட்டையான ஆள், ஒரு முழங்கால் மடங்காது. வீட்டில் நாய் மணம் இருந்தது, நாய் இல்லை. மனிசரும் வேறு யாரும் இல்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த இரும்பு அலுமாரியைத் திறந்து, துவக்கை எடுத்து வந்து, குசினி மேசையில் ஒரு துவாயை விரித்து அதன்மேல் வைத்தார். இனித் தன்னால் காடு மேடெல்லாம் நடக்க ஏலாது, அதனால்தான் விற்பதாகச் சொன்னார். சித்தப்பா அதைக் கையில் எடுத்துத் திறந்து குழலுக்குள்ளே பார்த்தார், மூடினார், தோளில் வைத்துத் தண்ணீர்க் குழாய்க்குக் குறி பார்த்தார். லண்டனுக்கு வந்த பிறகு அவர் நிமிர்ந்து நின்றதை அன்றுதான் கண்டேன்.

பிறகு இரண்டு பேரும் என்னை நடுவில் வைத்துக்கொண்டு வேட்டைக் கதை கதைக்கத் தொடங்கினார்கள். எனக்குப் பாதிச் சொல்லுக்கு இங்கிலிஷ் தெரியாது. காவலிருக்கிற பரணை மரத்தில் ஒரு வீடு என்று சொல்லிவைத்தேன். கிழவர் சித்தப்பாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மரத்தில் குடியிருக்கிறவர்களுக்குத் துவக்கு கட்டாயம் வேண்டும்தான் என்றார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. துவக்கு வாங்குவதென்றால் பொலிசிடம் அனுமதி எடுக்க வேண்டும் என்று கிழவர் சொல்லும்வரைக்கும். பயப்பட ஒன்றுமில்லை, வீட்டுக்கு வந்து நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போவார்கள் என்றார். அதை நான் தமிழில் சொன்னதும் சித்தப்பா துவக்கைத் துவாயில் மெல்ல வைத்தார். கேஸ் முடியாத மனுசன் பொலிசைத் தானாக வீட்டுக்குக் கூப்பிடுவாரா? ஆனால் அதைக் கிழவருக்குச் சொல்லவும் அவருக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும்.

"வீட்டிலை என்ரை மனுசியைக் கேட்டுத்தான் சொல்லோணும் எண்டு சொல்லு" என்றார்.

நான் சொன்னேன். கிழவருக்கு அந்தப் பதில் நன்றாகப் பிடித்துவிட்டது. கேட்கத்தானே வேண்டும், கேட்காமல் வாங்கினால் சோறு கிடைக்குமா என்ற மாதிரி ஏதோ சொல்லிச் சிரித்தார். வாற சனிக்கிழமை வந்து பதில் சொல்லச் சொன்னார்.

பஸ்ஸில் ஏறியதும் சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "சித்தி ஊரிலையெல்லே இருக்கிறா. எப்பிடிக் கேப்பியள்?"

"கேக்கலாம்" என்றார் சித்தப்பா. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை பதிலோடுதான் போனார். துவக்கு வந்தால் நீங்கள் வீட்டில் தங்க மாட்டீர்கள் என்று சித்தி சொல்கிறாராம். கிழவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆண்கள் வீட்டில் தங்காமல் இருப்பது பெண்களுக்கு நல்லதுதானே, கேட்டுப் பார் என்றார். அதற்கடுத்த கிழமை வேறு தடை. வெள்ளிக்கிழமை சைவம், முயலை அடித்துக்கொண்டுவந்து குசினியில் போட்டால் யார் பார்ப்பது? கிழவர், அப்படியானால் சனிக்கிழமை மட்டும் சுடலாம் என்றார். பிறகு, துவக்கு எண்ணெய் மணம் படுக்கையெல்லாம் பிடிக்கும் என்றார் சித்தி. கிழவர் மணமில்லாத எண்ணெய்ப் போத்தலொன்றை எங்கேயோ தேடி வாங்கிவைத்து, சித்தப்பாவையும் என்னையும் முகர்ந்து பார்க்கச் சொன்னார். விலையையும் குறைத்தார். கேளாமல் விலை குறைக்கிற சாமானில் ஏதோ பிழை இருக்கும் என்று சித்தி சொன்னாராம்.

நான் மனச் சம்மதத்தோடு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்க வேண்டாம். பொய் சொல்லக்கூடாது என்று பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் அடித்துச் சொல்லி வளர்த்த பிள்ளை நான். இந்தப் பெரிய மனுசன் ஒவ்வொரு சனியும் சவரம் செய்து, தலை வாரி இழுத்து, சேர்ட் போட்டுக்கொண்டு ஒரு கிழவரிடம் பொய் சொல்லப் போகிறார், அந்தப் பொய்யை இங்கிலிஷில் சொல்வது நான். திரும்பும் வழியில் சித்தப்பா வாங்கித் தருகிற ஒரு பைக்கட் உருளைக்கிழங்குப் பொரியலுக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

சித்தியைச் சாட்டிச் சொல்கிற கதையெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது, துவக்கு பார்க்கப் போவது மட்டும் தெரியும். "இதுகளுக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள், இஞ்சையும் துவக்கே?" என்று சட்டி பானையோடு சண்டை பிடித்தார். அப்பாதான், "பாக்கிறதுக்குக் காசில்லைத்தானே, விடும்" என்றார். அம்மாவும் விட்டுவிட்டார். சனிக்கிழமையில் மட்டும்தான் சித்தப்பா இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிடுவார், அதை அம்மாவும் கவனித்திருந்தார்.

ஒரு நாள் சித்தப்பா சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு வெடித் துவக்கென்றால் சித்திக்கு அவ்வளவு கோபமில்லையாம். இரண்டாம் வெடி கையில் இருந்தால் ஆண்கள் முதல் வெடியைக் கவனமில்லாமல் வைப்பார்களாம். இதைக் கேட்டதும் கிழவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். தன் தகப்பனும் இதையேதான் சொல்வார் என்றார். உன் மனைவி கெட்டிக்காரி என்று சொல்லச் சொன்னார்.

"ஓம்" என்றார் சித்தப்பா. "அவ கெட்டிக்காரி."

அன்று பஸ்ஸில் ஒரே கதை. அடுத்த கிழமை சித்தி என்ன சொல்லுவார், அதற்குக் கிழவர் என்ன சொல்லுவார், கிழவருடைய குரலில்கூடப் பேசிக்காட்டினார். நோர்பரியில் இறங்கி வீட்டுத் தெருவுக்குள் திரும்பியதும் பேச்சு நின்றுவிட்டது. இந்தத் துவக்கை வாங்கினாலும் முடிந்தது, வேண்டாம் என்றாலும் முடிந்தது, அதற்குப் பிறகு இந்த மனுசனுக்குப் போக ஒரு இடமில்லை என்பது மட்டும் அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் நானும் யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை.

மாசி மாதமாக இருக்கும். கிழவர் எங்களைக் கண்டதும், வேறொரு ஆள் துவக்கைக் கேட்டு வந்ததாகச் சொன்னார். எவ்வளவு காலம்தான் அந்த ஆளைக் காக்கவைப்பது? அதனால் வாற சனிக்கிழமை சித்தியைத் தேத்தண்ணிக்குக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். நானே அவரிடம் நேரில் கேட்கப் போகிறேன், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், மற்ற ஆளுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றார். நான் இதைத் தமிழில் சொன்னேன். சித்தப்பா சரி என்று தலையாட்டினார்.

அந்தக் கிழமை முழுக்கச் சித்தப்பா ஒழுங்காகச் சாப்பிடவில்லை. எனக்கோ பள்ளிக்கூடத்திலும் இதே யோசனை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு அவருடைய அறைக்குப் போனேன். அம்மாவுக்குச் சீலை உடுத்திக் கூட்டிக்கொண்டு போவோம், வெள்ளைக்காரருக்கு வித்தியாசம் தெரியாது என்றேன். சித்தப்பா சிரித்தார்.

"உன்ரை அம்மா நல்லவ. ஆனால் அவவுக்குத் துவக்கைப் பற்றி ஒண்டும் தெரியாதே, பிள்ளை."

சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும்தான் போனோம். கிழவர் சேர்ட்டுக்கு மேலே கழுத்துப் பட்டி கட்டியிருந்தார். கதவைத் திறந்துவிட்டு எங்களுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார். யாரோ பஸ்ஸிலிருந்து மெதுவாக நடந்து வருகிறார்கள் என்று நினைத்திருப்பார். குசினி மேசையில் துவாய் இல்லை. பூப்போட்ட விரிப்பும் நாலு கோப்பையும் நடுவில் ஒரு கேக்கும் இருந்தன. நாலாவது கதிரையில் மட்டும் ஒரு தலையணை வைத்திருந்தார்.

சித்தப்பா அந்தக் கதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "வர ஏலாது எண்டு சொல்லு" என்றார்.

எனக்கு அது போதாது என்று பட்டது. சித்திக்குக் காய்ச்சல், வர வெளிக்கிட்டவர், அம்மாதான் மறித்துவிட்டார் என்று நானே கூட்டிச் சொன்னேன். கிழவர் மிகவும் கவலைப்பட்டார். அன்று அவர் துவக்கை வெளியே எடுக்கவே இல்லை, நாங்களும் கேட்கவில்லை. மூன்று பேரும் தேத்தண்ணி குடித்தோம். போகும்போது நல்ல பெரிய துண்டாக ஒரு கேக் வெட்டி, எண்ணெய்த்தாளில் சுற்றி, இது அவவுக்கு என்று சித்தப்பாவின் கையில் கொடுத்தார். அவர் சுகமாகி வந்து பதில் சொல்லும்வரை துவக்கை யாருக்கும் விற்கமாட்டேன் என்றும் சொல்லச் சொன்னார்.

பஸ்ஸில் சித்தப்பா அந்தக் கேக்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் எல்லாரும் அறிந்த, எனக்கு மட்டும் தெரியாத ஒன்றை இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும். சித்தப்பா லண்டனுக்கு வருவதற்கு ஒரு வருசம் முன்பே, ஷெல் விழுந்து, சித்தி வயற்கரையில் இறந்துபோயிருந்தார். பிள்ளை பயப்படுவாள் என்று என்னிடம் மறைத்துவிட்டார்கள். கேட்கும்போதெல்லாம் சித்தி ஊரில் இருக்கிறார் என்றுதான் சொன்னார்கள். நான் அறிந்தபோது எனக்குப் பதினாறு வயது.

ஆனபடியால் அன்று பின்னேரம் எனக்குக் கோபம்தான் இருந்தது. கிழவர் வீட்டில் நான் தின்றது ஒரு சின்னத் துண்டு. பெரிய துண்டு சித்தப்பாவிடம் இருக்கிறது, ஊரில் இருக்கிற சித்திக்கு அதை எப்படியும் அனுப்ப முடியாது, எனக்குத் தரவேண்டியதுதானே? கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மேலே போனேன். கதவு சாத்தியிருக்கவில்லை. சித்தப்பா சூட்கேசை நிலத்தில் படுக்க வைத்து, அதன் மூடியை ஈரத்துணியால் துடைத்திருந்தார். அதன்மேல் எங்கள் வீட்டு நல்ல தட்டில் கேக். பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர். அதற்கு முன்னால் கட்டிலில் முதுகைச் சாய்த்து, காலை மடித்துச் சப்பாணி கட்டி நிலத்தில் இருந்தார்.

"எனக்குத் தருவியளே?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் பொறு, பிள்ளை."

வாசலிலேயே நின்றேன். கீழே அம்மா வேலையால் வந்து கதவு திறக்கிற சத்தம் கேட்டது. சித்தப்பா கிளாசிலிருந்து கொஞ்சம் தண்ணீரைக் கையில் எடுத்துத் தட்டைச் சுற்றி விட்டார். பிறகு தட்டைத் தூக்கி என்னிடம் நீட்டினார்.

எனக்கு ஆசையாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது. "சித்திக்கெண்டு தந்ததெல்லே. நான் சாப்பிட்டால் அவ கோவிக்க மாட்டாவே?"

"அவ சாப்பிட்டிட்டா" என்றார் சித்தப்பா. "இனி நீ சாப்பிடு."

நான் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கேக்கில் ஒரு துணுக்குக்கூடக் குறையவில்லை. இந்த ஆள் இப்போது என்னிடமும் பொய் சொல்லத் தொடங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, முழுவதையும் நானே சாப்பிட்டு முடித்தேன்.